பூரணம் மிசி மாட்டி முடிக்காத பெல்ட்

புத்தூரில் என் தாய் சேய் நிலையத்துக்கு முன்னால் பஸ் நிற்கிற வழக்கம் இல்லை. அன்று காலை பருத்தித்துறையிலிருந்து வந்த பஸ் அங்கே நின்றது. கொண்டக்டர் செல்வம் இறங்கி ஓடிவந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் யன்னலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

“மிசி, பூரணம் மிசி மோசம் போயிட்டா.”

“ஆர் சொன்னது உனக்கு? விசர்க்கதை கதையாதை. நேற்று விடியத்தான் என்னோடை நிண்டு கதைச்சவள்.”

“நேற்றுப் பின்னேரம், மிசி. மோட்டச்சைக்கிளுக்கு பெல்ட் மாத்திக்கொண்டு இருந்தவவாம். குந்தியிருந்த இடத்திலையே சரிஞ்சிட்டாவாம்.”

நான் அவனை ஏசினேன். என்ன சொல்லி ஏசினேன் என்று இப்போது நினைவில்லை. அவன் தலையைக் குனிந்து ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்றான், பஸ் கோர்ண் அடித்தது, போய்விட்டான். நான் உள்ளே வந்து, காத்திருந்த தாய்மாரில் ஒருத்தியின் பிள்ளையைத் தராசில் வைத்து நிறுத்தேன். நிறை என்னவென்று பார்க்கவில்லை. திரும்பவும் நிறுத்தேன். அப்போதும் பார்க்கவில்லை. கடைசியில் அந்தத் தாய்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கதிரையில் இருத்தினாள்.

இருந்ததும் எனக்கு முதலில் வந்த நினைவு பூரணம் அல்ல, கமலா. பருத்தித்துறைக்குக் கிழக்கே, பஸ் போகாத மணல் ஒழுங்கைக்குள் இருக்கிற கடற்றொழிலாளி வீட்டுப் பெண். நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்தபோது அழவேயில்லை. அதை அவளுக்குக் காட்டாமலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இந்த முறை பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று பூரணம் கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். “பூரணம் மிசி வந்தால் வீட்டிலை பெறுவன். இல்லாட்டிப் பெறமாட்டன்” என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள், பெறாமல் விடுவது தன் கையில் இருப்பது போல. பூரணம் கடைசியில் வாக்குக் கொடுத்தாள்: “எந்த நேரம் ஆள் அனுப்பினாலும் வருவன்.” அந்த வாக்கை இனி யார் காப்பாற்றுவது? பூரணம் போன செய்தி கேட்டவுடன் நான் கமலாவை நினைத்தேன் என்று யாராவது குறை நினைத்தால் நினைக்கட்டும். பூரணம் நினைக்கமாட்டாள்.

இதைப் பூரணத்தை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அந்தக் கரையில் அவள் கையில் பிறந்தவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். இப்படியான எழுத்தில் ‘அன்னார்’ என்றும் ‘அவர்’ என்றும் எழுத வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் மருத்துவமாதுப் பயிற்சியில் ஒரே அறையில் படுத்த நாளிலிருந்து நாங்கள் ‘எடி’ போட்டுக் கதைத்தவர்கள். செத்ததற்காக அவளுக்கு நான் புதிதாக மரியாதை கொடுக்கத் தொடங்கினால் அவளுக்கே சிரிப்பு வரும். அவள் என்றே எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்து, பிள்ளைப்பேறு பார்க்கிற மிசிமார் ஆனதும் என்னைப் புத்தூரில் போட்டார்கள். அவளை அவள் பிறந்த கரைக்கே அனுப்பினார்கள். முதலில் இரண்டு பேருக்கும் சைக்கிள்தான். பிறகு அவளுடைய அண்ணை, கொழும்பில் வேலையாய் இருந்தவர், ஒரே மாதிரியான இரண்டு பழைய சின்ன மோட்டார் சைக்கிள்களை லொறியில் ஏற்றி அனுப்பினார். பெடல் உள்ளவை. பெடலை மிதித்து எழுப்ப வேண்டும். எழும்பியதும் என்ஜினின் சின்னக் கப்பியிலிருந்து நடுவில் உள்ள பெரிய கப்பிக்கு ஒரு றப்பர் பெல்ட் ஓடும். வண்டியின் உயிர் அந்தப் பெல்ட்டில். சேலையோடு பெண் பிள்ளைகள் மோட்டச்சைக்கிளில் போவதைப் பார்த்து அந்த நாளில் வாய் பார்க்காத சந்தி இல்லை. நான் கூச்சத்தில் பின்வளவு ஒழுங்கைகளால் போவேன். அவள் பருத்தித்துறை மீன் சந்தைக்கு நடுவால் போவாள், கோர்ண் அடித்து.

எங்கள் இரண்டு பேருக்கும் வந்த சண்டைகளில் பாதி அந்தப் பெல்ட்டால் வந்தவை. நான் அறும்வரை ஓடுகிற ஆள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மூடியைக் கழற்றி, பெல்ட்டை உலர்ந்த துணியால் துடைத்து, உட்புறம் வெளியே தெரிய வளைத்துப் பார்ப்பாள். வெடிப்பு எப்போதும் உட்புறத்தில்தான் தொடங்குமாம். ஓரத்தில் நூல் தெரிந்தால் அன்றோடு அந்தப் பெல்ட்டின் கதை முடிந்தது.

“நல்லாத்தானேடி கிடக்கு, இன்னும் ரெண்டு மாசம் ஓடும்” என்பேன்.

“அறுந்தாப் பிறகு மாத்திறதுக்குப் பேர் மாத்திறதில்லை, ராசம். றோட்டிலை நிண்டு முழிக்கிறது. நீ முழிச்சால் பரவாயில்லை. அங்கை ஒருத்தி பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறாள்.”

இதை அவள் சாமான் கிடைக்கிற காலத்தில் மட்டும் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில் கடைகளில் ஒரு ஆணிகூட வாங்க முடியாமல் இருந்தபோதும் சொன்னாள். அப்போது எங்கள் இரண்டு வண்டிக்கும் சேர்த்து மிச்சமாய் இருந்தது ஒரேயொரு பெல்ட். அது செல்வத்தின் பஸ்ஸில் குடியிருந்தது. யாருடைய கையில் நிறைமாதத் தாய்மார் கூடுதலாக இருக்கிறார்களோ அவள் பக்கம் பெல்ட் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். என் பக்கம் பிரசவங்கள் முடிந்தால் நான் செல்வத்திடம் கொடுத்துவிடுவேன். அவன் அதைத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு ரிக்கற் கிழிப்பான். அதைப் பார்த்தே சனங்கள் சொல்லிவிடுவார்கள், “இந்தக் கிழமை பருத்தித்துறைப் பக்கம் கனக்கப் பிள்ளையள் போலை கிடக்கு.” ஒருமுறை அந்த ஒற்றைப் பெல்ட்டை அவள் எனக்கு அனுப்பிவிட்டு, தன் வண்டிக்கு அங்கே மிளகாய் அரைக்கிற மில்லின் பழைய பெல்ட்டை வாங்கிப் போட்டு ஓடினாள். அது கொஞ்சம் நீளம். என்ஜினை எட்டிய மட்டும் பின்னுக்குத் தள்ளி இறுக்கியும் வழுக்கும். மிளகாய்த் தூள் வேறு. அவள் போன வீடுகளில் எல்லாம் பிள்ளை பிறக்க முதலே எல்லாரும் தும்மினார்களாம்.

சுறா எண்ணெய்க் கதையை நான் சொல்லாவிட்டால் அவளை அறிந்தவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஆனால் முழுக்கதையும் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வீட்டில் மூத்த பேரன் பிறந்தான். பூரணம் உள்ளே தாயோடு நிற்க, வெளியே தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடலால் வந்த என்ஜினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் பூசாமல் விட்டால் உப்புத் தின்றுவிடும் என்பது அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். மிசியின் வண்டியும் கடற்கரையால்தானே வந்தது? இரண்டு பேரும் மூடியைக் கழற்றி, வடிவாய்க் கழுவி, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு இடம் விடாமல் பூசிவிட்டார்கள். பெல்ட்டுக்கு இரண்டு பூச்சு.

அவள் வெளியே வந்து மிதித்தாள். என்ஜின் கத்தியது, சில்லு அசையவில்லை. எண்ணெய் பட்ட பெல்ட் கப்பியில் பிடிக்காது; வழுக்கிக்கொண்டே நிற்கும். மணத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தகப்பனும் தாத்தாவும் கையைத் துடைத்துக்கொண்டு முகம் மலர நிற்கிறார்கள். நானாய் இருந்தால் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்க ஏசியிருப்பேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “நல்லாப் பளபளக்குது, அப்பு. பெரிய உபகாரம்.” சொல்லிவிட்டு, நடந்து போக விருப்பமாய் இருக்கிறது என்று பொய் சொல்லி, வேலி திரும்பும்வரை உருட்டிக்கொண்டு போனாள். திரும்பியதும் மணலில் இருந்து, பைக்குள் கை கழுவ வைத்திருந்த சவுக்காரத்தால் பெல்ட்டையும் இரண்டு கப்பிகளையும் தேய்த்திருக்கிறாள். கப்பி மீண்டது. பெல்ட் மீளவில்லை, றப்பர் ஊதிப்போயிற்று. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு பெல்ட் போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரியவரும், தெரியட்டும்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் படலையிலேயே சொல்லிவிடுவாள்: “மோட்டச்சைக்கிளை ஒருத்தரும் தொடப்படாது. அதுக்கும் துடக்கு.” பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, வண்டிக்கும் உண்டோ என்று யாரும் கேட்கவில்லை. துடக்கு என்றால் துடக்குத்தான். குளிக்க வேண்டி வந்துவிடும் என்ற பயத்தில் பெரியவர்கள்கூட எட்ட நின்று பார்த்தார்கள். எனக்கு இதைச் சொல்லிச் சிரித்தபோது, “உனக்கு உதிலை நம்பிக்கை இல்லைத்தானே, பிறகென்ன?” என்று கேட்டேன்.

“எனக்கு இல்லை. அவையளுக்கு இருக்கு. செத்தவீட்டாலை வந்தால் குளிச்சிட்டு வா எண்டு சொல்லுற வீடுகளும் இருக்கு. நான் தலையிலை ஒரு வாளி வாத்துக்கொண்டு உள்ளை போயிடுவன். குளிக்கிறதுக்குப் போற நேரம் குறைவு, ராசம். வாதாடுறதுக்குத்தான் கூட.”

இப்படிப்பட்டவள் குந்தியிருந்த இடத்தில் சரிந்துவிட்டாள் என்று ஒருவன் பஸ்ஸால் இறங்கிவந்து சொல்கிறான். பெல்ட்டின் உட்புற வெடிப்பைக் கண்டுபிடிக்கிறவள் தன் நெஞ்சு நோவைப் பற்றி ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக்கூட. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறும் என்றும் நான் நினைக்கவில்லை.

நான் பஸ்ஸில்தான் போனேன். வண்டியைத் தொட என் கைக்குத் தைரியம் வரவில்லை. செத்தவீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தது. விறாந்தையில் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், “ஓடி ஓடித் தேய்ந்த பெல்ட் இன்று அறுந்துவிட்டது” என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நல்ல கதை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பூரணம் பெல்ட் இல்லை. அவள் தேயவும் இல்லை. ஐம்பதைக்கூட அவள் தொடவில்லை. நான் உள்ளே போகத் திரும்பினேன். அப்போதுதான் கொட்டிலுக்குள் அவளுடைய வண்டியைக் கண்டேன்.

மூடி கழற்றியபடி இருந்தது. கீழே விரித்த சாக்கில் பழைய பெல்ட் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என்னைக் கேட்டால் இன்னும் சில மாதம் ஓடும். உள்ளே ஒரேயொரு இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கமலாவுக்கு நாள் கிட்டிவிட்டது என்றுதான் மாற்றியிருக்கிறாள். இப்போது எந்தக் கடையிலும் பெல்ட் தொங்குகிற காலம். புதியதை வாங்கி வைத்திருக்கிறாள். அது சின்னக் கப்பியில் ஏறியிருந்தது. பெரிய கப்பியில் ஏறவில்லை. ஸ்பனர் விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

நான் அங்கே நின்றபோது படலைக்கு வெளியே தெருவில் கமலாவின் புருஷன் தவம் நிற்பதைக் கண்டேன். நிறைமாதக்காரியின் புருஷன் செத்தவீட்டுக்குள் வரக்கூடாது. வெளியே நின்று ஆளைக் கூப்பிடவும் கூடாது. சைக்கிளைப் பிடித்தபடி, உள்ளே வருகிற போகிற ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வெளியே போனேன்.

“மிசி, விடிய நோ தொடங்கினது. இப்ப கூடிப்போச்சு. பூரணம் மிசி எங்கை, பூரணம் மிசி எங்கை எண்டு கேக்கிறாள். நாங்கள் சொல்லேல்லை. வாறா, வாறா எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறம். எனக்கு ஆரிட்டைப் போறதெண்டு தெரியேல்லை. பழக்கத்திலை இஞ்சை வந்திட்டன்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேலாதோ?”

“மாட்டன் எண்டு கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாள், மிசி. சைக்கிளிலை ஏறுங்கோ. நான் உழக்கிறன்.”

அந்த மணலில் இரண்டு பேரோடு சைக்கிள் போகாது. நடந்தால் நேரம் போய்விடும். நான் திரும்பிக் கொட்டிலுக்குள் போய்ச் சாக்கில் குந்தினேன். அவள் குந்தியிருந்த அதே சாக்கில். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். “எடி பிள்ளை, சவம் கிடக்கிற வீட்டிலை இதென்ன வேலை?” என்று யாரோ ஒரு மாமி கேட்டா. அவளுடைய அண்ணை விறாந்தையிலிருந்து எழும்பி வந்தார். அவர் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஸ்பனரை எடுத்து என் கையில் தந்தார். “தங்கச்சி இதைத்தானே செய்துகொண்டிருந்தவள்” என்று மட்டும் சொன்னார்.

ஆணிகளை அவள் முன்பே தளர்த்தியிருந்தாள். என்ஜினை முன்னுக்குத் தள்ளினேன், பெல்ட் தொய்ந்தது. கம்பியால் நெம்பி ஏற்றினால் உள்ளே நூல் அறும் என்று எத்தனை தரம் என்னோடு சண்டை பிடித்திருப்பாள். நெம்பவில்லை. விளிம்பில் கொளுவி, கையால் பெடலை மெல்லச் சுற்றினேன். பெல்ட் தானே பெரிய கப்பியின் பள்ளத்தில் இறங்கி இருந்தது. என்ஜினைப் பின்னுக்கு இழுத்து, பெருவிரலால் பெல்ட்டின் நடுவில் அமத்திப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் தாழ்ந்தது. அது போதும். அதற்கு மேல் இறுக்கினால் கப்பியின் அச்சைத் தின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் வண்டிக்கு நான் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

செத்தவீட்டுக்குள் என்ஜின் எழும்பியபோது பறை நின்றுவிட்டது. அவளை நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எழும்பமாட்டேன் என்று தெரியும். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக்கூடாது. சொல்லாமலே வெளிக்கிட்டேன். இனி நான் திரும்பி வரும்போது அவளை எடுத்திருப்பார்கள். என் சினேகிதிக்கு நான் வாய்க்கரிசி போடவில்லை.

மணல் ஒழுங்கை தொடங்கியதும் பெல்ட் வழுக்கத் தொடங்கியது. புதுப் பெல்ட் முதல் ஓட்டத்தில் இழுபடும். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு இறங்கி இன்னொருதரம் இறுக்க வேண்டும். இதையும் அவள்தான் சொல்வாள், நான்தான் கேட்பதில்லை. இறங்கி இறுக்கினேன். தவம் முன்னால் சைக்கிளை நிறுத்தி, அழுகிற முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றான். “பயப்பிடாதை தம்பி, இது அறுகிற பெல்ட் இல்லை” என்றேன்.

கமலாவின் மாமி, தவத்தின் தாய், படலையை மறித்துக்கொண்டு நின்றா. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. நான் வாதாடவில்லை. கிணற்றடிக்குப் போய் உடுத்த சேலையோடு தலையில் வாளியால் ஊற்றிக்கொண்டு, கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை மட்டும் தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். கமலா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். என் காலடி கேட்டு, கண் திறக்காமலே கேட்டாள்:

“பூரணம் மிசி வந்திட்டாவோ?”

மாமி என்னைப் பார்த்தா. நானும் அவவைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றேன். “வந்திட்டன். இனி நீ உன்ரை வேலையைப் பார்.”

அவள் பிடித்திருந்த கட்டில் சட்டத்தை விட்டாள். என் கையைப் பிடித்தாள்.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலில் தட்டி, பிறகும் தேய்த்தேன். என்னென்ன செய்தேன் என்று எனக்கே ஒழுங்காய்ச் சொல்லத் தெரியாது. பிறகு அது அழுதது. வெளியே தவம் குழறி அழுத சத்தம் பிள்ளையின் சத்தத்தை விடப் பெரிதாய் இருந்தது.

பிள்ளையை நெஞ்சில் வைத்த பிறகுதான் கமலா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சேலையைப் பார்த்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, பட்டப்பகலில் ஒருத்தி உடுத்த சேலையோடு குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் அது ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

“மிசி,” என்றாள், “ஆரின்ரை செத்தவீடு?”

காலையிலிருந்து எல்லாரும் எனக்குத்தான் சொன்னார்கள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. செல்வம் சொன்னான், பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள், பறை சொன்னது. என் வாயால் அது வரவில்லை. பிள்ளையைப் பெற்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூரணத்தின்ரை,” என்றேன். அப்போதுதான் நான் அழுதேன்.

அவளுடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அதுவரை அந்தக் கரையையும் நீ பார் என்று என்னிடம் தந்திருக்கிறார்கள். அங்கே இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிரசவ நோ கூடிக் கண்ணை இறுக்க மூடுகிற நேரத்தில், தெரிந்தவர்களும் மறந்துபோய்க் கூப்பிடுகிறார்கள்: “பூரணம் மிசி, நிக்கிறியளோ?” நான் திருத்துவதில்லை. பூரணத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ஓம் என்கிறேன்.